நாளொன்றுக்கு முப்பது கையெழுத்து

ஜனவரி 12

அன்புள்ள தங்கைக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம். ரத்த அழுத்தம் மாத்திரைக்குக் கட்டுப்படுகிறது. நான்தான் யாருக்கும் கட்டுப்படுவதில்லை என்று டாக்டர் குறைப்படுகிறார். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மகளும் மாப்பிள்ளையும் சுகமா?

உன் போன கடிதத்தைத் திருத்தி இத்துடன் வைத்திருக்கிறேன். ஒன்பது பிழை. கான்வென்ட் மதர் பார்த்திருந்தால் உன்னை வகுப்புக்கு வெளியே நிறுத்தியிருப்பார்.

இனி விஷயம். புறவழிச்சாலையின் நடுவே ஆள் உயரச் சுவர் எழுப்பிவிட்டார்கள் என்று எழுதியிருந்தேன் அல்லவா? நூலகம் அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். என் மாடியில் நின்றால் அதன் பெயர்ப்பலகையைப் படிக்க முடிகிறது. நடந்து போய்ச் சேர நாற்பது நிமிடம் ஆகிறது. சுரங்கப்பாதையில் எந்நாளும் கணுக்கால் அளவு தண்ணீர். இந்தப் பக்கத்து எட்டுத் தெருக்காரர்களுக்கும் நூலக அட்டை இப்போது அலமாரிக் காலுக்கு முட்டுக்கொடுக்கத்தான் உதவுகிறது.

எதிர்வீட்டில் ஒரு தையல்காரி இருக்கிறாள். நர்ஸ் பயிற்சிக்கு நுழைவுத் தேர்வு எழுதுகிறாள். ஆகஸ்டில் தேர்வு, அவளுடைய வயதுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. வீடு ஒற்றை அறை. மாமியார், இரண்டு குழந்தைகள், தையல் இயந்திரம், ஓயாத டி.வி. சுவர் வரும்வரை நூலகத்துக்குப் போய்ப் படித்தாள். "உட்கார ஒரு இடம் கிடைச்சாப் போதும்மா, மத்ததை நான் பாத்துக்குவேன்" என்றாள். சலுகை கேட்காமல் இடம் மட்டும் கேட்பவளை நான் மதிக்கிறேன்.

நான்கு மனு அனுப்பினேன். நான்குக்கும் "இடம் இல்லை" என்றே பதில். ஐந்தாவது மனுவில் இடத்தை நானே கொடுத்துவிட்டேன். உன் அத்தான் பல் பார்த்த முன்னறை ஆறு வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. அதற்குத் தெருவாசல் தனி. வாடகை வேண்டாம், வாசகசாலை வையுங்கள் என்று எழுதியிருக்கிறேன்.

உன் மாப்பிள்ளை நூலகத் தலைமை அலுவலகத்தில் இருக்கிறார் என்பதை நான் மறக்கவில்லை. அவரிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. சிபாரிசில் வந்த புத்தகத்தை என் கை தொடாது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா

ஜனவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். என் முழங்கால் மட்டும் தனிக்கட்சி. நீ மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொள்.

என் கடிதம் சிவப்பு மையில் குளித்துவிட்டுத் திரும்பி வந்தது. அதைப் பார்த்த என் மகள், "என்னம்மா, இந்த வயசுல பெயில் ஆயிட்டியா?" என்று கேட்டாள். ஸ்கேல் வைத்து அடிக்கோடு போடும் ஒரே அக்கா உலகத்திலேயே எனக்குத்தான் வாய்த்திருக்கிறாள்.

முன்னறையைத் திறக்கப்போகிறாய் என்று படித்ததும் கண்ணில் நீர் வந்துவிட்டது. அத்தான் போன பிறகு நீ அந்தப் பூட்டைத் தொட்டதில்லையே. தையல்காரிக்காக என்று எழுதுகிறாய். இருக்கட்டும். வீட்டுக்குள் நாலு பேர் குரல் கேட்டால் உனக்கும் நல்லதுதான்.

மாப்பிள்ளையிடம் நான் எதுவும் சொல்லவில்லை. கவலைப்படாதே.

பிரியமுடன்,
தங்கை

மார்ச் 3

அன்புள்ள தங்கைக்கு,

நலம். உன் நலம் பற்றி எழுது. ஏழு பிழை, இணைத்திருக்கிறேன்.

அனுமதி வந்துவிட்டது! ஐந்தே வாரம். முறையாக எழுதிய மனுவுக்கு மதிப்பு உண்டு என்று இப்போதாவது ஒப்புக்கொள். அறுநூறு புத்தகம், இரண்டு செய்தித்தாள், ஓர் உதவி நூலகர். மார்ச் 15 முதல் மூன்று மாதம் பரிசோதனை. வருகைப் பதிவேட்டில் நாளொன்றுக்குச் சராசரியாக முப்பது கையெழுத்து இருந்தால் நிரந்தரம், இல்லாவிட்டால் மூடிவிடுவார்கள்.

அறையைச் சுத்தம் செய்தேன். வாய் கொப்பளிக்கும் பீங்கான் தொட்டியைக் கழற்றியாயிற்று. பல் நாற்காலி மட்டும் அசையவில்லை. தரையோடு போல்ட் போட்டு இறுக்கியது. சரி, அதுவும் ஓர் இருக்கை என்று விட்டுவிட்டேன்.

உதவி நூலகர் சாதுவான மனிதர். எதைச் சொன்னாலும் "ஆகட்டும்மா" என்பார். தெரு அவருக்கு ஒரே நாளில் "ஆகட்டும்" என்று பெயர் வைத்துவிட்டது.

தையல்காரியிடம் செய்தி சொன்னேன். கையிலிருந்த துணியைக் கீழே போட்டுவிட்டு, "நெசமாவாம்மா?" என்று மூன்று தடவை கேட்டாள். நான் ஒரு தடவைதான் பதில் சொன்னேன்.

அன்புடன்,
அக்கா

மார்ச் 22

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம், சுகமறிய ஆசை. உன் கடிதத்தை மகளுக்கு வாசித்துக் காட்டினேன். மாப்பிள்ளையும் கேட்டுக்கொண்டிருந்தார், சிரித்தார்.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. வருகிறவர்களை வரவிடு. கேள்வி கேட்காதே, வாய் திறந்து படிக்கிறவனை மிரட்டாதே. முப்பது கையெழுத்து எல்லாக் கிளையிலும் எப்படியோ சேர்ந்துவிடுமாம். அதை நூலகர் பார்த்துக்கொள்வார். நீ சும்மா இரு. சும்மா இருப்பது உனக்குப் பழக்கமில்லாத வேலை. மூன்று மாதம் பழகிப் பார்.

பிரியமுடன்,
தங்கை

ஏப்ரல் 18

அன்புள்ள தங்கைக்கு,

நலம். நேற்று வாக்கியம் வாக்கியமாக யோசித்து வைத்ததை இப்போது எழுதுகிறேன்.

முன்னறை நிறைந்திருக்கிறது. மாலையில் என் சமையலறை வரை செருப்புச் சத்தம். பல் நாற்காலிக்குத்தான் அடிதடி. ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் அதில் சாய்ந்துகொண்டு மரண அறிவிப்புகளை மட்டும் படிக்கிறார். "யாரு எறங்கிட்டாங்கன்னு பாக்குறேன்" என்கிறார். பக்கத்துக் கட்டடக் காவலாளி செய்தித்தாளை முகத்தில் போர்த்திக்கொண்டு தூங்குகிறார். நான்கு மணி அடித்தால் எதிர்வீட்டு இயந்திரம் நிற்கும். நான்கு ஐந்துக்குத் தையல்காரி ஜன்னலோர இடத்தில் இருப்பாள். ஆறரைக்குத்தான் எழுந்திருப்பாள். இடையில் தலை நிமிர்ந்து நான் பார்த்ததில்லை.

ஆனால் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். ஒரு நாளைக்கு முப்பத்துநான்கு கையெழுத்து. அதில் பன்னிரண்டு ஒரே கை எழுதியது. பெயர்கள்தான் வேறு.

"இது யார் எழுதினது?" என்று கேட்டேன்.

"எழுதினதுதாம்மா."

"யார்னு கேட்டேன்."

"எல்லா எடத்துலயும் அப்படித்தாம்மா. பேப்பருக்கு முப்பது வேணும். ஜனம் வருது, போவுது, எல்லாரையுமா கையெழுத்துக் கேக்க முடியும்?"

"இனிமேல் பதிவேடு என்கிட்ட இருக்கட்டும்."

"ஆகட்டும்மா" என்றார். முகம் அப்படிச் சொல்லவில்லை.

பதிவேட்டின் முதல் பக்கத்திலேயே விதி அச்சடித்திருக்கிறது: நூலகத்தின் நூலையோ இதழையோ எடுத்துப் படித்தவர் மட்டுமே கையெழுத்திட வேண்டும். இதை யாரும் இதுவரை படிக்கவே இல்லை என்பது வாசகசாலைக்கே வெட்கம். நான் படித்தேன். வாசலருகே மேசை போட்டு உட்கார்ந்தேன். பொய்ப் பெயர்கள் அத்தனைக்கும் ஸ்கேல் வைத்துச் சிவப்புக் கோடு. காவலாளிக்குக் கோடு, தூக்கம் வாசிப்பு ஆகாது. தண்ணீர் குடிக்க வருகிற பெண்களுக்குக் கோடு.

தையல்காரிக்கும் கோடுதான். அவள் படிப்பது அவளே கொண்டுவரும் கையேட்டை. நூலகத்தின் புத்தகம் ஒன்றைக்கூட அவள் எடுத்ததில்லை. "நான் தினம் வந்து படிச்சேனேம்மா" என்றாள். "படிச்சே, ஒத்துக்கறேன். நம்ம புத்தகத்தையா படிச்சே?" என்று கேட்டேன். போய் உட்கார்ந்தாள். வேண்டியவள், வேண்டாதவள் என்று கோடு வளையக் கூடாது அல்லவா?

இப்போது நாளொன்றுக்குப் பதினொன்று. ஆனால் பதினொன்றும் அசல்.

உன் கடிதத்தில் ஐந்து பிழை. முன்னேறுகிறாய்.

அன்புடன்,
அக்கா

ஏப்ரல் 29

அக்கா,

நலம் விசாரிக்க நேரமில்லை. அவசரமாக எழுதுகிறேன்.

பேனாவை மூடி வை. அந்தப் பதிவேட்டை "ஆகட்டும்" கையில் திருப்பிக் கொடுத்துவிடு. அவரைக் கூப்பிட்டு ஒரு வாய் காப்பி கொடு. மாத முடிவில் அது மேலே போகும். உன் சிவப்புக் கோட்டோடு போனால் அறை மூடப்படும். பதினொன்று என்றால் பதினொன்றுதான் எண்ணுவார்கள். அசலா நகலா என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

தையல்காரிக்குக் கோடு போட்டாயா? யாருக்காக அறையைத் திறந்தாயோ அவளுக்கேவா? அக்கா, உனக்கு என்ன ஆயிற்று? அவளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல். ஒரே ஒரு வார்த்தை.

நீ பிடித்த முயலுக்கு மூன்று காலாகவே இருக்கட்டும். முயல் உயிரோடாவது இருக்கட்டும்.

உடனே பதில் போடு.

தங்கை

மே 30

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் தாமதமாகத்தான் கைக்கு வந்தது. நான் நலம். வெயில் அதிகம். மாடியில் நின்றால் அந்தப் பக்கத்து நூலகத்தின் பெயர்ப்பலகை தகதகக்கிறது.

பதிவேடு குறித்துச் செய்ய வேண்டியதைச் செய்தாயிற்று. அதைப் பற்றி எழுத வேறு ஒன்றுமில்லை.

"ஆகட்டும்" மூன்று நாளாக வரவில்லை. நானே கதவைத் திறந்து வைக்கிறேன். டிரைவர் வருகிறார். நாற்காலிக்கு இப்போது போட்டி இல்லை என்று அவருக்கே வருத்தம்.

எதிர்வீட்டில் வேலை அதிகம் போலிருக்கிறது. இயந்திரம் மாலையிலும் ஓடுகிறது.

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. இந்த முறை உன் கடிதத்தைத் திருத்தவில்லை.

அக்கா

ஜூன் 14

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? இங்கே உடம்புகள் நலம்.

நாளையோடு உன் முன்னறை வாசகசாலை முடிகிறது. உத்தரவு இரண்டு நாளில் உனக்கு வரும். உன்னிடமிருந்து எதிர்பார்த்துக் காத்திருந்தேன். நீ சொல்லப்போவதில்லை என்று தெரிந்துவிட்டது. ஆகவே எனக்குத் தெரிந்ததை நானே எழுதுகிறேன்.

பதிவேட்டை அழகாகப் படியெடுத்து, பதினெட்டுப் பக்கம், ஓரம் விட்டு, கோடு போட்டு, தலைமை அலுவலகத்துக்கே அனுப்பியிருக்கிறாய். கூடவே ஒரு கடிதம். "முப்பது பொய்யர்களைவிடப் பதினொரு உண்மை வாசகர்கள் மேலானவர்கள் என்பதைத் தாங்கள் உணர்வீர்கள்." இது உன் வாக்கியம்தானே? கோப்பில் உறையைப் பார்த்ததுமே மாப்பிள்ளை கையெழுத்தைக் கண்டுகொண்டார். நம் வீட்டுக்கு வருஷக்கணக்காக வரும் கையெழுத்து.

அவர்கள் உணரவில்லை அக்கா. சராசரியைப் போட்டார்கள். பன்னிரண்டு வந்தது. மூடு என்று எழுதினார்கள். "ஆகட்டும்" இப்போது தற்காலிகப் பணிநீக்கத்தில் இருக்கிறார். இரண்டு பெண்களுக்குத் தகப்பன்.

இன்னொன்று. ஜனவரியில் நான் உனக்குப் பொய் சொன்னேன். மாப்பிள்ளையிடம் சொன்னேன். முதல் நாளே சொன்னேன். ஐந்து வாரத்தில் வந்தது உன் மனுவுக்காக அல்ல. "அந்தப் பகுதியில் வாசகர்கள் உண்டு, நான் பொறுப்பு" என்று அவர் குறிப்பு எழுதிக் கையெழுத்துப் போட்டார். இப்போது அவரிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். வீட்டில் அவர் ஒன்றும் சொல்லவில்லை. திட்டினால்கூடத் தாங்கிவிடுவேன்.

எலியைப் பிடிக்க வீட்டைக் கொளுத்திவிட்டாய்.

தங்கை

ஜூலை 2

அன்புள்ள தங்கைக்கு,

நலம். மாப்பிள்ளைக்கு என் பொருட்டு நேர்ந்ததற்கு வருந்துகிறேன். அவருக்குத் தனியே ஒரு கடிதம் எழுதி, கிழித்துவிட்டேன். அவருக்கு நான் கடிதம் எழுதாமல் இருப்பதே பாதுகாப்பு.

வேன் வந்தது. ஏற்றுகிற ஆட்கள் புத்தகங்களைச் செங்கல் போலக் கைமாற்றினார்கள். "முதுகு மடங்காம அடுக்குங்க" என்றேன். "இதெல்லாம் குடோனுக்குத்தான் போகுது பாட்டி" என்றான் ஒருவன். என்னை இதுவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. பதிவேட்டை நீட்டினேன். பட்டியலைப் பார்த்துவிட்டு, "படிதான் ஆபீஸ்ல இருக்கே, இது எங்க லிஸ்ட்ல இல்ல" என்று மேசைமேலேயே போட்டுவிட்டுப் போனார்கள்.

நான் பொய் எழுதவில்லை. அதை மட்டும் நீ நினைவில் வைக்க வேண்டும். ஒரு வரிகூடப் பொய் இல்லை.

பஸ் டிரைவர் நாற்காலியைக் கேட்டார். போல்ட் கழலவில்லை. "சரி, நம்மள மாதிரியே இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். அறையைப் பூட்டிவிட்டேன்.

தெருவில் அனைவரும் நலம்.

அக்கா

ஆகஸ்ட் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? கோபத்தில் எழுதினேன், மன்னித்துவிடு. மாப்பிள்ளையை வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். சம்பளத்துக்குக் குறைவில்லை, பேச்சுத்தான் குறைந்துவிட்டது. "ஆகட்டும்" இன்னும் வீட்டில்தான் இருக்கிறாராம்.

நீ இங்கே வந்து கொஞ்ச நாள் இரு. மகள் உனக்காக ஜன்னலோரக் கட்டிலை ஒழித்து வைத்திருக்கிறாள். அந்த வீட்டில் தனியாக உட்கார்ந்து என்ன செய்கிறாய்?

ஆகஸ்டில் தேர்வு என்று எழுதியிருந்தாயே. தையல்காரி எழுதினாளா? ஏப்ரலுக்குப் பிறகு நீ அவளைப் பற்றி எழுதுவதே இல்லை. தெரு முழுக்க நலம் என்கிறாய், இயந்திரம் ஓடுகிறது என்கிறாய். நான் கேட்பது இயந்திரத்தை அல்ல.

பிரியமுடன்,
தங்கை

செப்டம்பர் 21

அன்புள்ள தங்கைக்கு,

உன் முழங்காலுக்கு ஒத்தடத்தை விடாதே. நான் நலம் என்று எழுதித்தான் பழக்கம், அப்படியே வைத்துக்கொள்.

நீ கேட்டதற்குப் பதில்: எழுதவில்லை.

உன் கடிதம் வந்து பத்து நாள் வரை எனக்கும் தெரியாது. கேட்கவில்லை. எதிர்வீடு பன்னிரண்டு அடி தூரம். பிறகு ஒரு தலையணை உறையை எடுத்து, நல்ல தையலைப் பிரித்துவிட்டு, அதைத் தைக்கக் கொண்டுபோனேன். வெறுங்கையோடு போகத் தைரியம் வரவில்லை.

அவள் உறையைத் திருப்பிப் பார்த்தாள். "இது தானா பிரிஞ்ச மாதிரி இல்லையேம்மா" என்றாள். உட்காரச் சொன்னாள். டி.வி. ஓடிக்கொண்டிருந்தது.

"பரீட்சை முடிஞ்சிருக்குமே?"

"முடிஞ்சிடுச்சும்மா."

"நீ போனியா?"

"இல்லம்மா. படிக்காமப் போய் என்னத்தை எழுதறது?"

"ஜூன் வரைக்கும் அறை திறந்துதானே இருந்தது. நீ ஏப்ரல்லயே நின்னுட்டியே. ஏன்?"

ஊசியில் நூலைக் கோத்துவிட்டுத்தான் பேசினாள்.

"என் பேர் மேல கோடு போட்டிருந்தீங்க இல்ல? மறுநாள் வந்தேம்மா. வாசப்படி வரைக்கும் வந்தேன். அந்த நோட்டைத் தாண்டித்தானே உள்ள வரணும். எல்லாரும் பாக்கற மாதிரி இருந்துச்சு. அடுத்த நாளும் வந்தேன். அப்புறம் வரல. அந்தப் பக்கம் போயிப் பாத்தேன், ஒரு வாரம். போக வர நேரம் சரியாப் போச்சு. அத்தை சத்தம் போட்டாங்க."

"என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமே."

"என்னன்னு சொல்றது? நீங்க செஞ்சது சரிதானேம்மா. உங்க புத்தகத்தை நான் தொடலையே."

அதில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அவள் வாசப்படி வரை வந்ததை நான் பார்த்தேன். இரண்டு நாளும் பார்த்தேன். மேசையருகேதானே உட்கார்ந்திருந்தேன். தலை நிமிராமல் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். இதை உனக்கு ஏப்ரலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

"இப்ப வேணும்னா அந்த அறையில வந்து உக்காந்து படி. சாவி தர்றேன். அடுத்த வருஷம்..." என்று ஆரம்பித்தேன்.

"அடுத்த வருஷம் வயசு தாண்டிடும்மா" என்றாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். உறையை மடித்துக் கையில் கொடுத்தாள். நல்ல தையல். பிரிந்த இடம் எது என்று எனக்கே தெரியவில்லை.

உன் வீட்டுக்கு வர இயலாது. மாப்பிள்ளை எதிரே உட்கார்ந்து அவர் பேசாமலிருப்பதைக் கேட்க என்னால் முடியாது. கட்டிலை மகளே வைத்துக்கொள்ளட்டும்.

வீட்டுக்கு வந்ததும் முன்னறையைத் திறந்து பதிவேட்டை எடுத்தேன். கான்வென்டில் மைக்கறையைப் பிளேடால் சுரண்டி எடுப்போமே, நினைவிருக்கிறதா? நீ சுரண்டினால் தாள் கிழியும். நான் சுரண்டினால் கிழியாது. மதர் என் தாளைத்தான் மற்றவர்களுக்குக் காட்டுவார். அந்த நம்பிக்கையில் பல் நாற்காலியில் உட்கார்ந்து, அவள் பெயர்மேல் போட்ட கோட்டை மட்டும் சுரண்டினேன். நான் அழுத்தி எழுதுகிறவள். கோடு போகவில்லை. தாள் போய்விட்டது. அவள் பெயர் இருந்த இடத்தில் இப்போது ஓர் ஓட்டை இருக்கிறது. அதன் வழியே பார்த்தால் அடுத்த பக்கத்தில் நான் போட்ட கோடு தெரிகிறது.

இதைத் திரும்பப் படித்துப் பார்க்காமல் உறையிலிடுகிறேன். பிழை இருந்தால் நீ திருத்திக்கொள்.

அக்கா